ஈரல் ஆறும் வரை

மருந்து தொடங்கிய அன்றே, சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று சொல்லியிருந்தார்கள். அதனால் நான் பயப்படவில்லை. அந்தச் சிவப்பு மெல்ல மெல்லக் கறுத்து, பால் விடாத தேயிலைச் சாயத் தண்ணியின் நிறத்துக்கு வந்தபோதும் அது மருந்தின் வேலைதான் என்று இருந்துவிட்டேன். குமட்டலையும் அப்படித்தான் நினைத்தேன். சோறு கொதிக்கும் வாசனைக்கே வயிறு புரண்டது. ஒரு வாய் வைத்தால் இரண்டு வாய் வெளியே வந்தது. நோய் பெரிது, மருந்தும் பெரிது, படத்தான் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்ல ஆள் இருக்கவில்லை.

எனக்கு வந்திருந்தது காசநோய். டிக்கோயாவில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்து வரவேண்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. பால் கரைப்பது, ஏணை ஆட்டுவது, மூக்குத் துடைப்பது, அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலருகே நிற்பது, இதுதான் என் வேலை. பல வருஷமாக என் இடுப்பில் எப்போதும் யாராவது ஒரு பிள்ளை இருந்தது.

அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க இருமினேன். எங்கள் மலையில் மழைக்காலத்தில் இருமாத ஆள் கிடையாது. சாயங்காலமானால் காய்ச்சல், ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு மெலிவு என்று ஆன பிறகுதான் சளியைப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த அன்றே பிள்ளைக் காம்பராவின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். அது சரிதான். நானே கொடுத்திருப்பேன்.

அடுத்த வாரம் சுகாதாரப் பரிசோதகர் வந்து பிள்ளைகள் எல்லாருக்கும் முழங்கையின் கீழே சிறிய ஊசி போட்டார். என் நோய் அவர்களுக்குத் தொற்றியிருக்கிறதா என்று பார்க்க. காம்பராக்கள் ஒரே வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயம் மேட்டில் இருக்கிறது. வாசலில் நின்றால் பிள்ளைக் காம்பரா தெரியும். தாய்மார் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீறிட்டது இங்கே வரைக்கும் கேட்டது. ஒருத்தி தலையைத் தூக்கி எங்கள் லயத்தைப் பார்த்தாள். நான் உள்ளே போய்விட்டேன். கடவுள் புண்ணியத்தில் ஒரு பிள்ளைக்கும் தொற்றவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு எங்கள் பக்கமாக நடக்கிறவர்கள் குறைந்துபோனார்கள். யாரும் ஒரு சொல் கடுமையாகப் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியில் நான் போய் நின்றால் மற்றவர்களுக்குத் திடீரென்று வேறு வேலை வந்துவிடும், அவ்வளவுதான்.

வீட்டில் நான் ஒருத்தி. கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. ஒரே மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். பக்கத்துக் காம்பரா அக்கா மட்டும் மத்தியானம் ஒரு தட்டில் சோறு கொண்டுவந்து வாசல் திண்ணையான இஸ்தோப்பு விளிம்பில் வைத்துவிட்டு, "சாப்பாடு வச்சிருக்கேன்!" என்று குரல் கொடுப்பார். நான் கதவைத் திறப்பதற்குள் அவர் காம்பராவுக்குள் போயிருப்பார். எங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். அவர் வெங்காயம் தாளிப்பதும் பேரப்பிள்ளையைத் திட்டுவதும் எனக்குக் கேட்கும். நான் வாந்தியெடுப்பது அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைகளில் மகள் வீடியோவில் வருவாள். ஒரு வெள்ளிக்கிழமை, "என்னம்மா மூஞ்செல்லாம் மஞ்சளா இருக்கு?" என்று கேட்டாள்.

"பல்பு வெளிச்சம்டி" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

காசநோய் மாத்திரையை வீட்டுக்குக் கொடுத்துவிட மாட்டார்கள். தினமும் காலையில் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய், அங்கே இருக்கும் மருத்துவ உதவியாளரின் கண் முன்னால் விழுங்க வேண்டும். அவரை நாங்கள் டாக்டர் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கிட்டத்தட்ட இரண்டு மாதம் அப்படிப் போய்க்கொண்டிருந்தேன். பனிமூட்டமான நாட்களில் அந்த அறை இருட்டாக இருக்கும். எப்போதாவது வெயில் வரும். அப்படி வெயில் வந்த ஒரு காலையில், மாத்திரைகளை என் உள்ளங்கையில் வைத்தவர் என் முகத்தையே பார்த்தார்.

"கொஞ்சம் வெளிய வாங்க."

வாசலுக்கு வந்தேன். என் கண்ணிமையைக் கட்டைவிரலால் கீழே இழுத்துப் பார்த்தார். அடுத்த கண்ணையும் பார்த்தார். பிறகு என் உள்ளங்கையில் இருந்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

"இத இனி குடிக்க வேணாம். இன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஒரு நாளும் நிப்பாட்டக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன். இப்ப நிப்பாட்டச் சொல்றதும் நாந்தான். கண்ணு மஞ்சளாயிருச்சு. மருந்து ஈரலப் புடிச்சிருச்சு போல."

இரண்டு மாதமாக என்னைக் காப்பாற்றுகிறது என்று நம்பி விழுங்கியது அது. வீட்டுக்கு நடந்து வரும்போது, நிறுத்தினால் நெஞ்சுக்குள் இருக்கிற நோய் என்ன செய்யும் என்பதுதான் மனதில் ஓடியது. ஈரல் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஆட்டு ஈரல்தான் தெரியும்.

ஆஸ்பத்திரியில் வார்டின் கடைசியில் ஒரு தனி அறை கொடுத்தார்கள். மருந்து நின்றுபோனதால் எச்சரிக்கைக்காக என்னை மற்றவர்களோடு போடவில்லை. காற்று ஓட வேண்டும் என்று ஜன்னல்களைத் திறந்தே வைக்கச் சொன்னார்கள். மத்தியானம் மூன்று மணிக்கெல்லாம் பனி உள்ளே வந்து கட்டிலின் இரும்பை நனைக்கும். இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு, நடைபாதையில் போகிறவர்களின் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடப்பேன். செருப்பு என் அறை வரைக்கும் வருகிறதா, முன்னாலேயே திரும்பிவிடுகிறதா என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். பெரும்பாலும் திரும்பிவிடும்.

இரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஸ்கேன் செய்தார்கள். வேறு கிருமியால் வந்த மஞ்சள் காமாலையா என்றும் பார்த்தார்கள். என்னைப் பார்த்த டாக்டர் இளம்பெண், சிங்களவர். வேலைக்கு வந்த இடத்தில் தமிழ் படித்துக்கொண்டவர். முடிவுகள் வந்ததும் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அந்த அறையில் யாரோ ஒருவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, இது வைரஸ் இல்ல. டீபி மருந்துதான் ஈரலுக்கு அடிச்சிருக்கு. சில ஆளுக்கு அப்படி வரும். உங்க பிழை இல்ல, நோய் பிழையும் இல்ல."

"இதுக்கு என்ன மருந்துங்க?"

"மருந்து இல்ல. நிப்பாட்டுறதுதான் மருந்து. ஈரல் தானா சுகமாகும். நாங்க பாத்துக்கிட்டு இருப்போம்."

"அதுவரைக்கும் டீபி?"

"டீபி மெதுவா நடக்கும். ஈரல் கெட்டா வேகமா ஓடும். அதனால முதல்ல ஈரல்."

உடம்பு வலித்தால் இரண்டு பனடோல் போடும் பழக்கம் எனக்கு இருந்தது. அதையும் போடக் கூடாது என்றார். கஷாயம், பச்சிலை, சத்து மாத்திரை எதுவும் கூடாது. "ஈரல் இப்ப கால் உடைஞ்ச ஆள் மாதிரி. யாரும் அதுக்கு வேலை குடுக்க வேணாம். நல்ல மருந்தா இருந்தாலும் அதுக்கு வேலைதான்."

தினமும் காலையில் வந்து என்னைக் கையை நீட்டச் சொல்வார். "கை நீட்டுங்க அம்மா. பஸ் நிறுத்துற மாதிரி." இரண்டு கையையும் நீட்டி, மணிக்கட்டை மடக்கி, உள்ளங்கையை அவருக்குக் காட்டுவேன். கை தானாகத் துடிக்கிறதா என்று பார்ப்பார். பிறகு பெயரைக் கேட்பார். என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்பார். ஈரல் மோசமானால் முதலில் புத்திதான் தடுமாறும் என்று பிறகுதான் நர்ஸ் சொன்னாள். எனக்கு அந்தக் கேள்விகள் பிடித்திருந்தன. பல நாட்களில் நான் பேசியதே அவ்வளவுதான். என் பெயரை நானே உரக்கச் சொல்லிக் கேட்பதற்கு அந்த ஒரு நேரம் இருந்தது.

இடுப்பும் முதுகும் அரித்தது. நகத்தால் பிறாண்டிப் பிறாண்டித் தோல் வரிவரியாகிவிட்டது. பிட்டு வந்தாலும் பாண் ரொட்டி வந்தாலும் பாதியைத் திருப்பி அனுப்பினேன். வெந்நீர் கொண்டுவந்து தரும் சிங்களப் பெண் ஒருத்தி மட்டும் தட்டைப் பார்த்து, "அனே அக்கே", ஐயோ அக்கா, என்று சொல்லிவிட்டுப் போவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இருந்த சிங்களம் கடைக்கும் பஸ்ஸுக்கும்தான் போதும். ஆனாலும் அந்த இரண்டு சொல்லுக்காக அவள் வருகிற நேரத்தை எதிர்பார்த்திருப்பேன்.

ஒரு நாள் பார்வையாளர் நேரத்தில் செருப்புச் சத்தம் திரும்பாமல் என் கதவு வரைக்கும் வந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா. கொரோனாக் காலத்து மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேலே முந்தானையையும் பிடித்துக்கொண்டு கதவடியில் நின்றார். எழுந்து உட்கார்ந்தேன்.

"கிட்ட வரமாட்டேன்டி, கோவிச்சுக்காத. வீட்டுல சின்னப்புள்ள இருக்குல்ல."

"வந்ததே போதுங்க்கா."

பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து வாசற்படியருகே இருந்த மேசையில் வைத்தார். உள்ளே பச்சையாக ஏதோ இருந்தது. "வட்டவளப் பக்கம் ஒருத்தரு மஞ்சக்காமாலைக்குப் பச்ச மருந்து குடுக்குறாரு. கீழாநெல்லி, இன்னும் என்னென்னமோ போட்டு அரைச்சது. ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி வாங்கியாந்தேன். மூணு வேள குடி. இங்க சும்மா படுக்கப்போட்டு வச்சிருக்கானுங்க. இங்கிலீசு மருந்தால வந்தத இங்கிலீசு மருந்து எப்புடிடி தீர்க்கும்?"

அந்த மருந்தைக் கொடுப்பவர் நல்லவராக இருக்கலாம். அது யாரையாவது குணப்படுத்தியும் இருக்கலாம். ஆனால் டாக்டர் சொன்னது என் காதில் இருந்தது.

"அக்கா, இப்ப எதுவும் குடிக்கக் கூடாதாம். நல்ல மருந்தா இருந்தாலும் ஈரலுக்கு வேலையாம். தப்பா எடுத்துக்காதீங்க."

"அப்ப நான் வெசத்தையா கொண்டாந்திருக்கேன்?"

"அப்புடிச் சொல்லலங்க்கா..."

"வேற எப்புடிச் சொன்ன?"

போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்தார். நான் ஒரு வாய் குடித்துக் காட்டியிருந்தால் அன்று அவர் இன்னும் கால் மணி நேரம் நின்று தோட்டத்துக் கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்தக் கால் மணி நேரத்துக்காக ஒரு வாய் குடித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். குடிக்கவில்லை. "சரி, நான் வர்றேன்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை.

மகளுக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. அவள் கூப்பிட்டால் குரலில் மட்டும் பேசினேன். ஒரு வெள்ளிக்கிழமை விடமாட்டேன் என்றாள்.

"வீடியோவப் போடுங்கம்மா."

"இங்க சிக்னல் இல்லடி."

"சிக்னல் இல்லன்னா சத்தமும் வராது. போடுங்க."

போட்டேன். வெள்ளை டியூப் லைட் நேராக என் முகத்தில் அடித்தது. மகள் என் கண்ணை, பின்னால் இருந்த இரும்புக் கட்டிலை, திறந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு அவள் பக்கம் திரை கறுத்துப்போனது. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். அறவில்லை. மூச்சை அடக்கி அடக்கி விடும் சத்தம் கேட்டது. அவள் அழுவதை நான் பார்க்கக் கூடாது என்று கேமராவை மூடியிருக்கிறாள்.

"நான் வந்துர்றேம்மா" என்றாள் கடைசியில்.

"வந்து என்ன செய்வ? டாக்டரே சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. நீயும் வந்து பாத்துக்கிட்டு இருக்கப் போறியா?"

"ஆமா. பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவளால் வர முடியாது. ஒப்பந்தம் முடிய இன்னும் காலம் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் அன்றிலிருந்து, துணி அயர்ன் பண்ணும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டு போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிடுவாள். பேச்சு அதிகம் இருக்காது. அயர்ன் ஆவி விடும் சத்தம், தூரத்தில் யாரோ அரபியில் கூப்பிடுவது, "இந்தா வந்துட்டேன்" என்று அவள் எனக்குச் சொல்லிவிட்டுப் போவது. நான் போனைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு கேட்டபடி கிடப்பேன். சில நேரம் அப்படியே தூங்கியும் போவேன்.

அரிப்புதான் முதலில் குறைந்தது. ஒரு காலை, பாணில் பூசியிருந்த பட்டர் வாசனை எனக்குப் பசியைக் கொடுத்தது. ஒவ்வொரு தடவை இரத்தம் எடுக்கும்போதும் ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் எண் இறங்கியது. மஞ்சள் வடிந்து கண் வெளுக்கத்தான் அதிக நாள் எடுத்தது. எண் போதுமான அளவு இறங்கியதும் டாக்டர் மறுபடியும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப டீபி மருந்து திரும்ப தொடங்கணும். முன்னுக்கு எல்லாம் சேந்து ஒரே மாத்திரையில இருந்துச்சு. இப்ப ஒண்ணு ஒண்ணா குடுப்போம். ஒண்ணு குடுத்து, ரத்தம் பாத்து, சரின்னா அடுத்தது. ஒரு மருந்த மட்டும் இனி தரமாட்டோம். அதுதான் ஈரலுக்கு ரொம்பப் பொல்லாதது. அது இல்லாதபடியால கூட மாசம் குடிக்க வேண்டி வரும்."

முதல் மாத்திரை உள்ளங்கையில் இருந்தபோது என் கை நடுங்கியது. ஈரல் கெட்ட நடுக்கம் இல்லை அது. நர்ஸ் தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக நின்றாள். விழுங்கினேன். அன்று முழுக்க வயிற்றின் வலது பக்கத்தில் கையை வைத்துக்கொண்டே படுத்திருந்தேன். கைக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்று தெரிந்தும் எடுக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. எண்ணும் ஏறவில்லை.

இரண்டாவது மருந்து தொடங்கி ஒரு காலையில் மறுபடியும் குமட்டியது. கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சொன்னால் மறுபடி எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். மறுபடி காத்திருப்பு, மறுபடி இந்த ஜன்னல், இந்தப் பனி. இதற்கிடையில் நெஞ்சில் இருக்கும் நோய் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் இப்போது எனக்குத் தெரியும். டாக்டர் வந்து, "கை நீட்டுங்க அம்மா" என்றபோது கையை நீட்டாமல், "வாந்தி வர்ற மாதிரி இருக்குங்க" என்றேன்.

அவர் முகம் மாறியது. உடனே இரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை மாத்திரையைத் தரவில்லை. அந்தக் காத்திருப்பில் நான் மகளின் போனைக்கூட எடுக்கவில்லை. சாயங்காலம் டாக்டர் கதவடியிலேயே நின்று சிரித்தார்.

"எண் நல்லா இருக்கு அம்மா. ஈரல் இல்ல. பயம்."

"பயத்துக்கு வாந்தி வருங்களா?"

"எனக்கு பரீட்சைக்கு வரும்."

அந்த அறைக்குப் போனதிலிருந்து நான் சத்தமாகச் சிரித்தது அப்போதுதான்.

வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பழையபடி டிஸ்பென்சரிக்குப் போனேன். டாக்டர் ஐயா மாத்திரை தருவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் என்னை வாசலுக்குக் கூட்டிவந்து கண்ணைப் பார்த்தார். பக்கத்துக் காம்பரா அக்கா பேசாமல்தான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தாளிக்கும் சத்தம் வழக்கம்போல வந்தது, தட்டு வரவில்லை. பிறகு ஒரு நாள் குழாயடியில் எதிரே வந்தவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்ணு வெளுத்துருச்சு" என்றார். "ஆமாங்க்கா" என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு போனார். இப்போது பேசுகிறோம். வீட்டு விஷயம், விலைவாசி எல்லாம் பேசுவோம். ஆஸ்பத்திரிப் பேச்சு மட்டும் எங்கள் நடுவில் வருவதில்லை.

சளியில் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு பிள்ளைக் காம்பராவில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். போன முதல் நாள் இரண்டு தாய்மார் பிள்ளையை விடாமல் திரும்பிப் போய்விட்டார்கள். பிறகு விட்டார்கள். என் மடியைத் தவிர வேறெங்கும் தூங்காத ஒரு சின்னவள் இருந்தாள். நான் இல்லாத காலத்தில் நடக்கத் தொடங்கியிருந்தாள். நான் கையை நீட்டியதும் புதியவரைப் பார்த்த மாதிரி மிரண்டு, எனக்குப் பதிலாக வந்திருந்த பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். குழந்தைதானே, மறப்பது இயல்புதான். ஆனாலும் அன்று பால் கரைக்கும் சாக்கில் குசினியிலேயே ரொம்ப நேரம் நின்றேன்.

மருந்து முடிந்த அன்று கிளினிக்கில் வேறொரு டாக்டர் இருந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரும் அந்தப் பெண் மாற்றலாகிப் பட்டிப்பொலப் பக்கம் போய்விட்டாராம். புதியவர் நெஞ்சு எக்ஸ்ரே படத்தையும் இரத்த முடிவையும் பார்த்து, "முடிஞ்சுது, இனி வர வேணாம்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். வெளியே வந்தேன். அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல அந்த வாசலில் ஒரு முகமும் இல்லை. மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. ஹட்டனுக்கு வந்து, கொஞ்சம் மரக்கறி வாங்கி, எங்கள் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

பஸ் கிளம்பி வளைவுகளில் திரும்பும்போது மகள் கூப்பிட்டாள். எஞ்சின் சத்தமும் பாட்டுச் சத்தமுமாக ஒன்றும் கேட்கவில்லை.

"முடிஞ்சிருச்சுடி!"

"என்னம்மா?"

"மருந்து முடிஞ்சிருச்சு! டீபி மருந்து முடிஞ்சிருச்சு!"

கத்தினேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. முன் சீட்டில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல்லை வெளியாட்கள் முன்னால் நான் சொன்னதே இல்லை. பக்கத்தில் என் வயசு மதிக்கத்தக்க ஒரு பெண் மடியில் சாமான் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து வேறு இடத்துக்குப் போவார் என்று நினைத்தேன். பையை மட்டும் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"ரொம்ப நாளுங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன். மருந்து ஈரலைப் பிடித்தது, நிறுத்தியது, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தது எல்லாம் சொன்னேன். யாரும் என்னிடம் கேட்காத அந்தக் கதை ஒரே மூச்சில் வந்தது. அவர் ஜன்னலுக்கு வெளியே தேயிலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். தான் இறங்கும் இடம் நெருங்கியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இப்ப சோறு எறங்குதுங்களா?" என்று கேட்டார்.

"எறங்குதுங்க" என்றேன்.

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.